அடுத்த கேள்விக்குப் பயந்து

இன்று காலை கோர்ட்டுக்குப் புதிய சட்டப் புத்தகம் வந்தது. கட்டைப் பிரித்ததும் பைண்டிங் பசையின் நாற்றம் அறை முழுக்க ஏறியது. விபசாரத் தடுப்புச் சட்டமாம், தேசம் முழுக்க ஒரே சட்டமாம். "இவளுங்கள ஒழிச்சுக் கட்டணும்" என்றார் சம்மன் கொண்டுபோகும் அமீனா. "அட, லைசென்ஸ் குடுத்து ஒரு தெருவுல வெச்சுட்டா தீந்துது" என்றார் குமாஸ்தா. என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். நீ செத்து எட்டு மாதம் ஆகிறது.

ஓசூர் சந்தைக்குப் பின்னால் இருந்த உன் ஓட்டு வீட்டுக்கு நானும் வந்தவன்தான். மனைவி செத்த வருஷம் அது. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "கோர்ட்டுல மூணு பாஷை பேசுற துபாஷி சாமிக்கு இங்க வந்தா நாக்கு எங்க போச்சு?" என்று கன்னடத்தில் சீண்டுவாய். வேறு வேலை பார்க்கக்கூடாதா என்று ஒருநாள் பெரிய யோக்கியன்போலக் கேட்டேன். உனக்கு வந்ததே கோபம்!

"குருபரப்பள்ளியில கல்லு ஒடைக்கப் போனேன். மேஸ்திரி கையப் புடிச்சான். அது கவுரவம், இது கேவலமா? இங்க வேணாம்னா கதவச் சாத்திக்குவேன். அங்க கதவே இல்ல, சாமி."

 

பிறகு உன்னைப் போலீஸ் பிடித்து வந்தது. மாஜிஸ்திரேட் தெற்கத்திக்காரர், கன்னடம் ஒரு சொல் தெரியாது. "தானாக வந்தாளா, யாராவது ஏமாற்றிக் கொண்டுவந்தார்களா, கேளும்" என்றார். நீ என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாய். யாரும் கூட்டிவரவில்லை, நானாகத்தான் வந்தேன், அபராதமோ ஜெயிலோ போடுங்கள், முடித்துவிட்டு மகளிடம் போகிறேன் என்றாய்.

நான் தமிழில் சொன்னது இதுதான்: "ஏமாற்றிக் கொண்டுவந்துவிட்டார்களாம், எசமான்."

பரிதாபப்பட்டுச் சொன்னேன் என்று பல மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பாவி, பயந்து சொன்னேன். நீயாக வந்தவள் என்றால் அடுத்த கேள்வி, உன்னிடம் யார் யார் வந்தார்கள் என்பது. கன்னடம் தெரிந்த அமீனாவும் குமாஸ்தாவும் அன்று தலையைக் குனிந்துகொண்டதும் அதனால்தான். அந்தத் தொழிலைச் சட்டம் விடலாமா, தடுக்கலாமா, எனக்குச் சொல்லத் தெரியாது. நீ சொன்னதையாவது நான் அப்படியே சொல்லியிருக்கலாமே!

அபலை என்று எழுதி, உன்னை வேலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் மீட்பு இல்லத்துக்கு மூன்று வருஷம் அனுப்பினார்கள். ஆறு வயது மகளைக் கிருஷ்ணகிரியில் ஓர் அநாதை விடுதியில் விட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது, "நான் சொன்னத நீங்க சொல்லலையா, சாமி?" என்று கத்தினாய். இரண்டாம் வருஷம் நீ காய்ச்சலில் செத்ததாகக் கோர்ட்டுக்கு ஒரு காகிதம் வந்தது. அதை ஃபைலில் சேர்த்தவனும் நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனேன். உன் மகளுக்குக் கன்னடம் மறந்துவிட்டது. கண் மட்டும் உன்னுடையது. என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. அம்மாவைத் தெரிந்தவர் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

"எங்கம்மா அவங்களாவேதான் என்ன உட்டுட்டுப் போனாங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றால், அப்புறம் யார் பிரித்தது என்று கேட்பாள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.