ரைஸ் குக்கரில் வந்த தேனீக்கள்

கிரான்பர்ன்
15.02.2009

அன்புள்ள தம்பி ஃபாரூக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹோபார்ட்டில் நீ சுகமாக இருக்க எந்நேரமும் துஆச் செய்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்குச் சுகம். மற்றச் சுகங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். உன் மச்சான் இப்போது போனையும் என்னையும் தனியே விடுவதில்லை. அதனால் மகள் லைலாவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, அவளுடைய கொப்பியில் தாளைக் கிழித்துக் காருக்குள் இருந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை அவர் உன்னோடு பேசியதைக் குசினியில் சமைத்தபடி நின்று கேட்டேன். பூச்சியெல்லாம் நல்லா வேல செய்யுது, இன்னொரு கூடு வந்தா இந்தப் போகம் தப்பிடும் என்று சொன்னார். தம்பி, அது பொய். நீ கொண்டு வந்த தேனீயில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அதற்கு முந்தின சனிக்கிழமையே எல்லாம் மவுத்தாகிவிட்டன.

நீ அந்தக் கூட்டை ரைஸ் குக்கருக்குள் இறக்கி, ஆவி போகிற துவாரத்தில் பஞ்சடைத்துக் கப்பலில் வந்து இறங்கியதை நினைத்தால் இப்போதும் வாய் தானாக யா அல்லாஹ் என்கிறது. சோதனைக்காரர் பழம் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம். எங்கள் ஆட்கள் சோற்றுப் பானை இல்லாமல் பயணம் போகமாட்டார்கள் என்பது அவருக்கும் பழகியிருக்கும். டாஸ்மேனியாவில் மட்டும் இருக்கிற பம்பிள்பீயை, அந்தக் கம்பளித் தேனீயை, இந்தக் கரைக்குக் கொண்டு வருவது குற்றம் என்று தெரிந்தும் அன்று எல்லோரும் சிரித்தோம்.

நீ எனக்காகத்தான் செய்தாய் என்பதும் தெரியும். தக்காளிப் பூவை ஒருவர் உலுக்கிவிட்டால்தான் காய் பிடிக்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வேலை தெரியாது. உன்னுடைய கம்பளித் தேனீயோ பூவைக் கட்டிப்பிடித்து உடம்பைச் சிலிர்த்தால் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். அது இல்லாத ஊரில் பட்டரி டூத்பிரஷை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பூக்களுக்குப் பல் விளக்கிவிடுகிறவள் உன் ராத்தா. மணிக்கட்டு வீங்கி, சோறு பிசையவும் ஏலாமல் நான் கரண்டி எடுத்ததைப் பார்த்துத்தானே நீ சாப்பாட்டில் இருந்து எழும்பிப் போனாய், அடுத்த முறை குக்கரோடு வந்தாய்.

ஜனவரி வெக்கையில் முதல் பூவெல்லாம் கருகி, புதுப் பூ வந்த நேரம் நீ வந்தாய். நீ திரும்பிப் போன பிறகு தேனீக்கள் வேலை செய்ததைப் பார்த்து மச்சான் லைலாவைத் தூக்கிச் சுற்றினார். இந்தப் போகமும் நட்டமாகிப் போனால் கண்ணாடி போட்ட இந்தத் தக்காளிக் கிளாஸ்ஹவுஸை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இடத்துக்காரர் சொல்லியிருந்தாரே, அந்தப் பயமே எங்களுக்கு மறந்துபோனது.

பிறகு அந்தச் சனிக்கிழமை. மெல்பேர்னில் நாற்பத்தாறு பாகை என்று டீவியில் பார்த்திருப்பாய். கண்ணாடிக்குள்ளே எவ்வளவு என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மச்சான் காலையிலிருந்து கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்தார், கூரைக்குத் தண்ணீர் பீய்ச்சினார். தேனீக்கள் பூப்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கூட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே இருக்கிற குஞ்சுகளுக்குச் சிறகால் விசிறிக்கொண்டே இருந்தன. ஹோபார்ட் குளிரில் அவை உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு, மற்றத் தேனீ எழும்ப முன்னமே வேலைக்குப் போய்விடும் என்று நீ சொன்னாய். குளிருக்கு அப்படி வழி வைத்திருக்கிற பிராணிக்குச் சூட்டுக்கு இந்த விசிறலை விட்டால் வேறு கதி இல்லைப் போலும். விசிற நின்றால் தீன் தேடப் போக ஏலாது. தீன் தேடப் போனால் குஞ்சு வெந்துவிடும். நான் ஈரத்துணி போட்டேன், ஐஸ் வைத்தேன். லைலா முழங்காலில் நின்று வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். அஸர் தொழுகைக்கு முன்னமே ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. ஒன்று விழ, இன்னொன்று அந்த இடத்துக்கு வந்து நின்று விசிறியது. கடைசியில் விசிற ஆளில்லாமல் ராணியும் போனது.

அன்றைய காட்டுத்தீயில் எத்தனை பேருக்கு வீடும் உறவும் போயிற்று. அதற்குள் பூச்சிக்கு அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அழாமலும் இருக்க முடியவில்லை.

மச்சான் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். செத்ததுகளை எல்லாம் குக்கருக்குள் போட்டு மூடி அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். பூ உதிர்ந்த செடிகளுக்கு நடுவே கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வாறன் என்கிறார், வருவதில்லை. வருஷத்துக்கு வருஷம் சூடு கூடிக்கொண்டு போகிறதே, அடுத்த கூட்டையும் வேகவைக்கவா என்று கேட்டேன். இனி வெக்க கொறஞ்சிடும், முந்தி இப்பிடி இரிக்கல்லயே என்றார். நீரில் மூழ்குகிறவன் துரும்பைப் பிடித்தால் பரவாயில்லை. இவர் உன் காலைப் பிடித்து இழுக்கிறார்.

இங்கே நிரந்தரமாக இருக்க நீ போட்ட பி.ஆர். பேப்பர் இன்னும் முடிவில்லாமல் கந்தோரில் கிடக்கிறது. சோதனைக்காரர் ஒரே ஒரு தரம் அந்த மூடியைத் திறந்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் நாடு யுத்தத்தில் இருக்கிற இருப்பில் நீ அங்கே போய் இறங்குவதை உம்மா தாங்குவாவா? எங்கள் தக்காளிக்கு உன் வாழ்க்கையை விலையாகக் கேட்க இவருக்கு எப்படி மனம் வந்தது என்று ஆத்திரம் வருகிறது. கதிரையில் இருக்கிற அவரைப் பார்த்தால் அந்த ஆத்திரமும் நிலைக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நீ கொண்டு வந்தால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாசலில் உன் கையில் குக்கரைக் கண்டால் பாய்ந்து வாங்கிக்கொள்வேன். அவ்வளவுக்கு இங்கே முட்டிப்போய் நிற்கிறோம். அதனால்தான் நீ தூரத்தில் இருக்கும்போதே கெஞ்சுகிறேன். கூடு கிடைக்கவில்லை என்று மச்சானிடம் சொல்லிவிடு. அந்தப் பொய்யின் பாவம் என் கழுத்தில் இருக்கட்டும்.

ஆனால் வராமல் இருந்துவிடாதே. நான் கூப்பிட்டு எழும்பாதவர் நீ கூப்பிட்டால் எழும்புவார். கூடப்பிறந்தவள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று உம்மா உனக்குச் சின்னதிலேயே சொல்லித் தந்தவ. ஒரு தேங்காயாவது இல்லாமல் நீ என் படி ஏறியதில்லை. இந்த ஒரு முறை மட்டும் உம்மாவின் சொல்லை மீறு, ராசா.

அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருப்பானாக. வெறுங்கையோடு வா.

உன் ராத்தா,
ஜலீலா