கண்ணாடியைச் சாத்திய கார்

செவ்வாய் இரவு.



நான் ஆய்வு செய்யும் மீகடத்தி சிப், கடுங்குளிரில் இருந்தால்தான் மின்தடையின்றி இயங்கி, பரந்த வானொலி அலைவரிசை முழுவதையும் ஒரே நேரத்தில் வாங்கும். அந்தக் குளிருக்குத் திரவ நைதரசன் வேண்டும். மாட்டு விந்தைப் பாதுகாக்க அதை வைத்திருக்கும் கல்முனை மிருக வைத்தியரிடம் ஒரு குடுவை கேட்டு வாங்கினேன். ஒலுவில் ஆய்வுகூடத்துக்கு உம்மாவின் மூத்த மகனான என் நானாதான் காரை ஓட்டினார். குடுவை சாயாமல் பிடித்துக்கொள்ள உம்மா பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"கண்ணாடியச் சாத்துங்க மகன், குளிரெல்லாம் வெளிய போகுது" என்றார், ஐஸ் பெட்டியை மூடச் சொல்வதுபோல. எனக்கும் சிப்பின் நினைப்புதான். என் பக்கத்தையும் சாத்தினேன். மூடிய இடத்தில் அந்த வாயு மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

நிந்தவூர் தாண்டி ஒரு பள்ளம். குடுவை சாய்ந்து வெண்புகை பரவியது. "உம்மா" என்றேன். திரும்பிப் பார்த்தால் தலை சரிந்து கிடக்கிறது. கை மட்டும் குடுவையை விடவில்லை.

"நானா, நிப்பாட்டுங்க! கதவத் திறங்க!"

கடல்காற்று பட்டதும் உம்மா கண் திறந்தார். "கொட்டிட்டா புள்ள?" அதைத்தான் முதலில் கேட்டார்.

"இல்ல உம்மா" என்று பொய் சொன்னேன்.

இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறார். சுவர் வழியே அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். சற்று முன் ஒருமுறை கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுபடியும் கேட்கவில்லை. பேனாவை வைக்கிறேன்.