வேலைக்கு உதவாத வெளிச்சம்

அக்கா,

தையல் சாமான் போட்டு வைக்கும் பிஸ்கற் ரின்னை இன்று காலை திறந்தேன். பொத்தான் தேடித்தான். மேலே, பழைய செய்தித்தாளில் சுற்றியபடி உங்கள் திரிகள் கிடந்தன. புரட்டாதியில் உங்களுக்கென்று திரித்து வைத்தவை. எண்ண வேண்டியதில்லை, நாற்பத்து நான்கு. எட்டு நாளும் ஒன்று ஒன்றாகக் கூட்டி ஏற்றுவதற்கு முப்பத்தாறு. மற்றவற்றைக் கொளுத்துகிற அந்த ஒற்றை விளக்குக்கு எட்டு. நீங்கள் போய் ஆறு கிழமையாகிறது. இன்று பின்னேரம் உங்கள் யூதத் திருநாளான ஹனுக்காவின் முதல் விளக்கு.

திரியைக் கையில் வைத்துக்கொண்டு அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. உங்கள் செத்தவீட்டிலும் இப்படித்தான். நாங்கள் ஊசி குத்தி அளவு பார்க்கிற நிலைக்கண்ணாடியை, துக்கத்துக்குக் கண்ணாடி மூடும் உங்கள் வழக்கப்படி, உங்கள் மகன் வெள்ளைத் துணியால் மூடியிருந்தார். அந்தத் துணியின் கரை மடித்துத் தைக்கவில்லை, நூல் பிரிந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குப் பட்டது. அதை ஒருவரிடமும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

சலவைக் கடையின் பின்னறையில், காற்சட்டைகளுக்குக் கரை மடித்துக்கொண்டுதான் நாம் பழகினோம். உங்களுக்கு என்னைவிட எட்டு வயது கூட. பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அக்கா என்றேன். அதென்ன சொல் என்று கேட்டீர்கள். என்னிடம் அப்போது இருந்த பிரெஞ்சு ஒரு கைப்பிடிதான். பிரியமானவர்களைக் கூப்பிடுவது என்று சொல்லி வைத்தேன். அடுத்த நாள் காலை கோட்டைக் கழற்றிக்கொண்டே, “போன்ஜூர், அக்கா” என்றீர்கள். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். மூத்தவர் இளையவளை அப்படிக் கூப்பிடுவதில்லை என்று உடனே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அதன் பிறகு ஆறு வருஷம் அந்தப் பின்னறையில் இரண்டு பேர், இரண்டு பேரும் அக்காதான்.

பழகிய முதல் மாரியில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நீங்கள் இருந்த கட்டிடத்திலேயே, உங்கள் கதவுக்கு நேரெதிரே எனக்கு வீடு எடுத்துத் தந்தீர்கள். குடிவந்த கிழமை. பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிட்டது, வெளியே பனி. நான் இன்னும் பல்ப் வாங்கிப் போடவில்லை. எதிரே உங்கள் கதவு அகலத் திறந்து கிடந்தது. நிலையோரச் சுவரில் ஒரு பித்தளை விளக்கு மாட்டியிருந்தது. வரிசையாக எட்டுக் குழி, அவற்றுக்கு மேலே தனியாக ஒன்று. மூன்று குழியில் சுடர், மேலே இருந்ததிலும் சுடர். வெளிச்சம் இருக்கிறதே என்று, முடிக்க வேண்டிய பாவாடையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்து உங்கள் வாசலில் கதிரை போட்டு இருந்தேன்.

நீங்கள் வந்து என் மடியிலிருந்த பாவாடையை எடுத்துவிட்டீர்கள். நாம் கதைத்ததெல்லாம் பிரெஞ்சில்தான். ஆனால் எனக்குள்ளே அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

“இந்த வெளிச்சத்தில வேலை செய்யக் கூடாது, அக்கா. இது பார்க்கிறதுக்கு மட்டும்தான்.”

தைத்தே ஆகவேண்டும் என்றால் மேலே நிற்கிற வேலைக்கார விளக்கிடம் போய்க் கேள் என்று பகிடி விட்டீர்கள். மற்றவற்றைக் கொளுத்துவது அது. அதன் வெளிச்சத்தை மட்டும் பாவிக்கலாமாம். விளக்கு எரிகிற அரை மணித்தியாலம் பெண்கள் கையில் வேலை எடுப்பதில்லை, மொரோக்கோவில் உங்கள் தாய்வீட்டு வழக்கம் அது என்றீர்கள். நாங்களும் வேலைக்காரர்தானே என்றேன். இந்த அரை மணித்தியாலம் இல்லை என்றீர்கள். பிறகு எண்ணெயில் பொரித்த, எங்கள் வாய்ப்பன் மாதிரிப் பலகாரம் ஒன்றைச் சீனியில் பிரட்டிக் கையில் தந்தீர்கள். கை சும்மா இருந்தால் திரும்பவும் ஊசியை எடுத்துவிடுவேன் என்ற பயமாக இருந்திருக்கும்.

விளக்கின் கதையையும் அன்றுதான் சொன்னீர்கள். பகைவர் பாழாக்கிய கோவிலை மீட்டபோது தீட்டுப்படாத எண்ணெய் ஒரேயொரு சாடிதான் மிஞ்சியிருந்ததாம். ஒரு நாளுக்குப் போதுமானது எட்டு நாள் எரிந்ததாம். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாளுக்கு எண்ணெய் இருந்ததுதானே, அப்படியென்றால் அற்புதம் ஏழு நாள்தானே என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் ஆட்களும் காலங்காலமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

“போதாது எண்டு தெரிஞ்சும் கொளுத்தினவை. அதுதான் முதல் நாள் அற்புதம்.”

சமாதானம், சமாதானம் என்று எல்லோரும் கதைத்த காலம் அது. பாதை திறந்து, இங்கிருந்து சனம் ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பத்து நாள் முன்னர்தான் எங்கள் கார்த்திகை விளக்கீடு. தம்பிக்காக ஒரு சிட்டி விளக்காவது கொளுத்து பிள்ளை என்று அம்மா ரெலிபோனில் கெஞ்சினா. நான் கொளுத்தவில்லை. ஆமியின் சுற்றிவளைப்பில் தம்பியைக் கொண்டுபோனவர்கள், விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னவர்கள். விடவுமில்லை, செத்துப்போனான் என்று சொல்லவுமில்லை. விளக்கை இருக்கிறவனுக்கு ஏற்றுவதா, இல்லாதவனுக்கு ஏற்றுவதா? அம்மாவுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. வருஷம் தவறாமல் வீட்டு வாசல் படலையில் ஏற்றி வைப்பா. எனக்குக் கை வரவில்லை. ஊரை விட்டு வந்த பிறகு நான் ஒரு விளக்கும் ஏற்றியதில்லை.

இதையெல்லாம் உடைந்த பிரெஞ்சில் உங்களுக்குச் சொல்லி முடித்துவிட்டு, உங்கள் விளக்கு ஆருக்கு என்று கேட்டேன்.

“ஆருக்கும் இல்லை. செத்தவைக்கு எங்களிட்ட வேற விளக்கு இருக்கு. இது கடவுளிட்ட ஒண்டைக் கேக்கிறதுக்கும் இல்லை. வாறவை போறவை கண்ணில பட்டால் போதும்.”

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சுடர்கள் நூர்ந்து அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலம் அவன் எங்கே என்று நான் என்னைக் கேட்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து கடைத்திரி வாங்க உங்களை விடவில்லை. புரட்டாதியில் பஞ்சு வாங்கி நானே திரித்துத் தந்தேன். கதவைத் திறந்து வைத்து நெருப்பு எரிக்கிறோம் என்று கட்டிடக் காவலாளி வருஷாவருஷம் முறைப்பாடு சொல்லுவார். நீங்கள் அவருக்கும் ஒரு வாய்ப்பன் நீட்டுவீர்கள்.

பித்தளை விளக்கை மகன் ரொறன்ரோவுக்குக் கொண்டுபோய்விட்டார். அதுதான் முறை. ஊரில் சமாதானமும் முடிந்துபோயிற்று. அம்மா இன்னும் படலையில் ஏற்றுகிறா.

இன்று பின்னேரம் நாலரைக்கு, அம்மா முந்தி அனுப்பிய, பெட்டி பிரிக்காமலே கிடந்த சிட்டி ஒன்றை எடுத்து எண்ணெய் விட்டேன். உங்கள் திருநாள் எனக்குரியதல்ல, அதன் மந்திரமும் தெரியாது. திரி மட்டும் என்னுடையது. ஒன்றைப் போட்டுக் கொளுத்தி வாசலில் வைத்து, கதவைத் திறந்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். உங்கள் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் சாமான் பைகளோடு படியேறி வந்தா. கரண்ட் போய்விட்டதா என்று கேட்டா. இல்லை என்றேன். பிறகு இது எதற்கு என்றா.

பார்ப்பதற்கு என்றேன்.

அவ பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்தா. பிறகு உள்ளே போய்விட்டா. சுடர் நூரும்வரை நான் இருந்தேன். உங்களுக்காக இல்லை, தம்பிக்காகவும் இல்லை. அழுகை இப்போதும் வரவில்லை. வரவேண்டும் என்று அந்த விளக்கு கேட்கவுமில்லை. நாளைக்கு இரண்டு.

திருத்தாமல் விட்ட ஒன்றை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன். அக்கா என்பது பிரியமான எல்லோரையும் கூப்பிடுகிற சொல் இல்லை. தனக்கு மூத்தவளைக் கூப்பிடுவது. என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். அவன் போன பிறகு அந்தச் சொல்லை நான் கேட்கவேயில்லை, நீங்கள் கோட்டைக் கழற்றிக்கொண்டு பிழையாகச் சொன்ன அந்தக் காலைவரைக்கும். திருத்தினால் நிறுத்திவிடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் திருத்தவில்லை.