அமாவாசையில் வந்த தலைதீபாவளி

பெரிய காஞ்சிபுரம்
18-10-1974

அன்புள்ள அத்தானுக்கு, தேவகி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறேன், அதையும் சுகத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். வைகாசியில் கல்யாணம் ஆனது. இந்த ஐப்பசி வரை நீங்கள் வந்ததெல்லாம் பௌர்ணமியை ஒட்டித்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் லோகாம்பாள் டீச்சர் கேலி செய்கிறாள்: "உன் வூட்டுக்காரரு நிலா கூட வந்து நிலா கூடவே போய்டறாரே தேவகி!" நானும் சிரித்துவைக்கிறேன். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 13 நமக்குத் தலைதீபாவளி. அப்பா உங்களுக்குப் பட்டு வேட்டி எடுத்துவிட்டார். அண்ணன் அர்ஜுனன் சரவெடிக்குச் சொல்லிவைத்திருக்கிறான். முதல் நாளே வந்துவிடுங்கள்.

இன்னொன்று. மலையில் நமக்கு வீடு கேட்டிருப்பதாகச் சொன்னீர்களே, என்ன ஆயிற்று? சிறுத்தை வந்தாலும் பரவாயில்லை, உங்களோடு இருந்தால் போதும் எனக்கு.

உங்கள்
தேவகி


ஜவ்வாது மலை
25-10-1974

அன்புள்ள தேவகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தீபாவளி அமாவாசையோடு வருகிறது. எங்களுக்கு இருட்டுதான் வேலை நாள். நிலா இருந்தால் வானம் வெளுத்துப்போய், நான் தேடுவது தெரியாது.

என்ன தேடுகிறேன் என்று ஒருமுறை கேட்டாய், சரியாகச் சொல்லவில்லை. வெகுதூரத்தில் இன்னொரு நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. அதற்குள் சில இடங்களில் வாயு மேகங்கள் சுருங்கிப் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றின் கடும் ஒளி பட்டுச் சுற்றியுள்ள வாயு ஒரு குறிப்பிட்ட சிவப்பில் ஒளிரும். அந்தச் சிவப்பை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியைப் போட்டு ஒரு படம், அதற்குச் சற்றே தள்ளிய நிறத்தில் இன்னொரு படம். இரண்டையும் ஒப்பிட்டால் பழைய நட்சத்திரங்கள் கழிந்துபோய்ப் பிறப்பு நடக்கும் இடங்கள் மட்டும் தெரியும். ஒரு படத்துக்கே மூன்று மணி நேரம் ஆகும். எனக்குக் கிடைத்திருப்பது தீபாவளியை ஒட்டிய நாலு இரவுகள்தான்.

வீடு இன்னும் காலியாகவில்லை. கார்த்திகை தீபத்துக்குக் கண்டிப்பாக வருகிறேன். மாமாவிடம் பக்குவமாகச் சொல்.

அன்புடன்
பூவராகவன்


பெரிய காஞ்சிபுரம்
4-11-1974

அன்புள்ள அத்தானுக்கு,

பக்குவமாகத்தான் சொன்னேன். அப்பா வேட்டியை மடித்து உள்ளே வைத்துவிட்டார். அண்ணன்தான் குதித்தான்: "மாப்பிள்ளை இல்லாம எங்கனா தலைதீபாவளி நடக்குமாம்மா? ஊரே சிரிக்குது." அம்மா ஒரு வழி சொன்னாள்: "அவரு வராட்டி இன்னா? நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கபா. விடியக்காலம் எண்ணெய் வெச்சிக் குளிச்சா, எங்க குளிச்சாலும் தலைதீபாவளிதான்."

ஆகவே 12ஆம் தேதி சாயங்காலம் நானும் அண்ணனும் மலைக்கு வருகிறோம். உங்கள் வேலைக்கு இடைஞ்சல் செய்ய மாட்டேன். விடிகிறபோது உங்கள் தலையில் ஒரு கை எண்ணெய் வைக்க விட்டால் போதும். இதற்குப் பதில் எழுத வேண்டாம். வராதே என்று எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள்
தேவகி


ஜவ்வாது மலை
18-11-1974

அன்புள்ள தேவகிக்கு,

அன்று நான் கத்தியது தப்புதான். அர்ஜுனன் முன்னாலும் உதவியாளர்கள் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் நீயும் யோசித்துப் பார். படம் இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. தொலைநோக்கிக் கூடத்தில் நாங்கள் தீக்குச்சிகூடக் கிழிப்பதில்லை. நீ அரிக்கன் விளக்கை ஏந்திக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாய். படம் பதிகிற கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தேன், முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. மறுநாளிலிருந்து மழை மூடிக்கொண்டது. இப்போது என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

எண்ணெய்கூட வைக்காமல் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாயே, "உன்னை யார் வரச் சொன்னது" என்று கேட்டதற்கா? ஏதோ கேட்க வாயெடுத்தாய். அது என்ன?

பூவராகவன்


பெரிய காஞ்சிபுரம்
24-11-1974

அன்புள்ள அத்தானுக்கு,

நான் கேட்க வந்ததைச் சொல்கிறேன். நாங்கள் வந்து சேர்ந்தபோது நீங்கள் கூடத்துக்குள் போய்விட்டிருந்தீர்கள். உங்கள் டிரைவரின் மனைவி எல்லம்மாள் காபி கொடுத்தாள். அவள் வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. "எங்களுக்கும் ஒரு வீடு காலியானால் நானும் வந்துவிடுவேன்" என்றேன். அவள், "இன்னாம்மா சொல்றீங்க? பக்கத்து வூடு ஆடி மாசத்திலேருந்து சும்மாத்தான் இருக்குது. சாருக்குத்தான் குடுத்தாங்க. அவருதான் வேணாம்னுட்டாரு" என்றாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. விடியட்டும் என்று இருக்க முடியவில்லை. அவள் வீட்டு விளக்கை எடுத்துக்கொண்டு அப்படியே வந்துவிட்டேன். கதவுக்கு வெளியே நின்றபோது, நீங்கள் உதவியாளரிடம் என்னவோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. என்னோடு இருக்கும்போது நீங்கள் அப்படிச் சிரித்ததே இல்லை. அந்த முகத்தை ஒருமுறை பார்க்க ஆசையாக இருந்தது. அதனால்தான் தட்டாமல் திறந்தேன். உங்கள் படம் கெட்டதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

அந்த வீடு நமக்கு வேண்டுமா, அத்தான்? கார்த்திகைக்கு வந்து சொல்லுங்கள். வேண்டாம் என்றால், ஊருக்காக வந்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தேவகி


கூரம்
2-2-1975

திரு. பூவராகவன் அவர்களுக்கு,

கார்த்திகைக்கு வாசல் நிறைய அகல் ஏற்றினேன். கடைசி விளக்கு அணைகிறவரை வெளியிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வரவில்லை. பொங்கலுக்கும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உங்கள் பதில் எனக்குப் புரிந்துவிட்டது.

உங்கள் மேல் கோபம் வந்தால் தேவலை. அழுகைதான் வருகிறது. தனியாக இருப்பதுதான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால், அதைக் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் பேசிவிட்டேன். இனி எங்கள் வீட்டிலிருந்து யாரும் உங்களை அழைத்து எழுத மாட்டார்கள்.

எனக்கு இங்கே கூரம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. தலைமையாசிரியர் பக்கத்திலேயே ஒரு வீட்டைக் காட்டி, "வேணுமாம்மா?" என்று கேட்டார். ஒரே அறைதான். யோசிக்காமல் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஆளுக்கு உலை வைக்கத்தான் இன்னும் கை பழகவில்லை. தினமும் சோறு மிஞ்சிப்போகிறது.

தேவகி