பெயர் சுரண்டப்பட்ட சுவரொட்டி

கஜா பேராங், மலாக்கா
12.2.1958

அன்பு மகள் மல்லிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம். லண்டன் குளிரில் உன் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. செமாபோக் விஜயாவுக்குப் பெண் குழந்தை. கருணாகரன் வீட்டார் கல்யாணத்துக்கு உன் சம்மதம் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டார்கள். அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் தெருப் பெண்கள் ஏழு பேர் பீவி வீட்டுக் கூடத்தில் சுவரொட்டி அச்சடிப்பது உனக்குத் தெரியும். பெண்கள் பிரஜா உரிமைக்குப் பதிய வேண்டும் என்று, தரைக்கு விரிக்கும் லினோலியத் துண்டில் எழுத்தைச் செதுக்கிப் பலகையில் ஒட்டி, மை தடவி, காகிதத்தை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்து எடுக்கிறோம். செதுக்கி எடுத்த இடத்தில் மை படாது, வெள்ளையாக விழும். அடியில் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக எங்கள் மாதர் குழுவின் பெயர். கருணாகரன் தம் கட்சிக் கமிட்டிக்குக் காட்ட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை பலகையை வாங்கிப்போய் வியாழக்கிழமை தந்தார். அச்சடித்துப் பார்த்தால் அடியில் பட்டையே இல்லை, வெறும் வெள்ளை. கேட்டேன். "சைக்கிள் கேரியர்ல உரசியிருக்கும் அத்தை" என்றார். சம்பந்தம் பேசி முடிக்கும் முன்பே அத்தை என்கிறார். உரசினால் கோணல்மாணலாக அல்லவா இருக்கும்? பலகையில் இது உளி போன தடமாக வரிவரியாக, ஒரே ஆழத்தில் இருந்தது. பழைய பள்ளங்களில் மைக்கறை ஏறியிருக்க, இந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

கமிட்டியில் வேறு யாராவது செய்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது பீவி சிரித்துக்கொண்டே ஒரு லினோலியத் துண்டையும், குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த எங்கள் உளியையும் முன்னால் வைத்து, மாப்பிள்ளை ஒரு கோடு இழுத்துக் காட்டட்டும் என்றாள். இதை நான் தொட்டதே இல்லை என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். புதிதாகத் தொடுகிற யாரும் இடது கையை உளிக்கு எதிரே வைத்துத்தான் துண்டைப் பிடிப்பார்கள். எங்கள் ஏழு பேர் கையிலும் உளி வழுக்கிக் குத்திய முதல் வாரத் தழும்பு இருக்கிறது. அவர் யாரும் சொல்லாமலே கையை உளிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அவர் போனதும் பீவி, "இது பழகுன கை, அக்கா" என்றாள்.

நேற்று கிளேபாங் கடைச் சுவரில் எங்கள் சுவரொட்டியை அப்பா பார்த்தார். அடியில் வெள்ளையான இடத்தில் கட்சியின் ரப்பர் முத்திரை. பலகை அவரிடம் இருந்த இரண்டு நாளில் அடித்ததாக இருக்கும். காரியம் நடந்தால் சரி, இதற்காக நல்ல சம்பந்தத்தை விடுவதா என்கிறார் அப்பா. பெயர் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. கேட்டிருந்தால் ஏழு பேரும் உட்கார்ந்து பேசியிருப்போம். என் முகத்தைப் பார்த்துச் சைக்கிள் என்றாரே, அதுதான் உறுத்துகிறது. நான் தப்பாகவும் நினைத்திருக்கலாம். அவர் உனக்கு எழுதுகிறார் அல்லவா, அம்மா சொன்னாள் என்றே எழுதிக் கேள். அவர் பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், நீ படித்தால் போதும். சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் அவர்கள் வீட்டு வாசலுக்கு நானே போய்ச் சொல்கிறேன்.

கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. மாதக் கடைசிக்குள் உன் முடிவு வர வேண்டும். எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
பொன்னம்மா