நொச்சி மாத்திரையில் எத்தனை நொச்சி

என் அன்பு அப்பாவுக்கு,

ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கித் தேய்ந்த உங்கள் முட்டியை ஒன்றரை வருஷம் நடக்கவைத்தது நொச்சி இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஓசூரில் நான் வேலை பார்க்கும் மூலிகைக் கம்பெனி வாசலில் தன்வந்திரி சிலை, தினமும் புது மாலை. உள்ளே ஆய்வகத்தில், நொச்சி இலையில் வீக்கத்தைக் குறைக்கும் பொருள் எவ்வளவு என்று இயந்திரத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடுபவள் நான். அந்தப் பொருள் நிஜமாகவே இருக்கிறது அப்பா. ஆனால் கொஞ்சம்தான், வேலை செய்ய நாளாகும். அந்தப் பொறுமை முதலாளிக்கு ஏது?

எங்கள் மாத்திரையை ஓட்டினால் இயந்திரம் போடும் வரைபடத்தில், நொச்சிக்குரிய சின்ன முகடுகளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒன்று பனைமரம் மாதிரி நிற்கும். "அது சாறு எடுக்குற சால்வென்ட்டோட மிச்சம், உடும்மா. நொச்சிய மட்டும் பாரு" என்றார் மேனேஜர். பார்த்தேன். எம்.எஸ்சி. படித்தவள், சொன்னதை மட்டும் பார்த்தேன். இந்தப் படிப்பைத் தென்பெண்ணையில்தான் கொட்ட வேண்டும்.

நீங்களோ மண்டி முழுக்க, "எம்பொண்ணு கண்டுபுடிச்ச மாத்திர. ரெண்டே நாளு, வலி ஓடிப்போயிரும்" என்று பெருமை பேசினீர்கள். நான் கொண்டுவந்து கொடுத்ததில் காலை ஒன்று, மாலை ஒன்று. பத்தியம்கூட இருந்தீர்கள்.

சிறுநீரகம் போனபோது டாக்டர், "வலி மாத்திரை ரொம்ப நாளா சாப்டாரா?" என்று கேட்டார். "இல்ல சார், வெறும் மூலிகைதான்" என்றேன். அதை நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. அந்தக் கேள்வியை யோசிக்க எனக்கு உங்கள் கருமாதி முடிய வேண்டியிருந்ததா?

போன வாரம் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஓர் அட்டை வாங்கி, கரைத்து, அதே இயந்திரத்தில் ஓட்டினேன். அதே இடத்தில் அதே பனைமரம். இரண்டு வரைபடங்களையும் முதலாளி மேசையில் வைத்தேன்.

"செடிய நம்பி கம்பெனி நடத்த முடியுமாம்மா? ஜனங்களுக்கு வலி போவணும், அவ்ளோதான்" என்றார். சொல்லிவிட்டுச் சாமிக்கு மாலை சாத்தப் போய்விட்டார். எந்த ஊர்ச் செடியில் அப்பா டைக்ளோஃபெனாக் காய்க்கிறது?

உங்கள் பேச்சை நம்பி மண்டியில் நாலு பேர் இன்னும் அதை விழுங்குகிறார்கள். நாளைக் காலை முதலில் அவர்களிடம் போவேன். பிறகு கிருஷ்ணகிரியில் மருந்து ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் கொடுப்பேன், நான் கையெழுத்துப் போட்ட பழைய அறிக்கைகள் உட்பட. எப்படிச் செத்தீர்கள் என்று மண்டியில் கேட்டால் மழுப்ப மாட்டேன். இது சத்தியம்.

கையால் மாத்திரை எடுத்துக் கொடுத்த உங்கள் மகள்,
செல்வி