நீ ஏறாத மலை

மாப்ளே,

மடியில் ஒரு துணிப்பை இருக்கிறது. உள்ளே ஏலக்காய். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் வீரபாண்டியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கிளீனர் பின்னால் போய் அடுப்பைக் கிளறிக்கொண்டிருக்கிறார். அந்தப் புகை நாற்றத்தையும் மீறி ஏலக்காய் மணக்கிறது. பக்கத்து சீட்டுப் பெரியவர், "மலைச்சரக்கா?" என்றார். "ஆமாய்யா, எங்க கூட்டாளி மலையில இருக்காக, குடுத்துவிட்டாக" என்றேன். வாய்க்குச் சலிப்பே இல்லை. சலிப்பெல்லாம் எனக்குத்தான்.

நீ செத்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. அந்த மலையில் நீ ஒருநாள்கூட ஏறியதில்லை. பஸ் கிளம்ப நேரமாகுமாம். காமிராப் பெட்டியையே மேஜையாக வைத்து உனக்கு இதை எழுதுகிறேன்.

தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன காமிராவை நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். படம் பிடித்து விற்று ராஜாவாகிவிடலாம் என்று கிளம்பினோம். எவன் வந்து உட்கார்ந்தான்? "படம் புடிச்சா ஆயுசு கொறையும்" என்று கம்பம் பள்ளத்தாக்கே நம்மைக் கண்டு ஓடியது. சாவு விழுந்த பெரிய வீடுகளில் மட்டும் கூப்பிட்டார்கள். பிணத்தை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, நெற்றியில் காசு ஒட்டிப் படமெடுத்தோம். அதில்தான் சோறு தின்றோம். ஒருநாள் நீ கையை உதறிக்கொண்டு சொன்னாய்: "பொணத்தை நம்பிப் பொழைக்க முடியாது மாப்ளே. ஊர்ல செத்தவனைவிட இருக்கிறவன்தான் ஜாஸ்தி."

அடுத்த வாரமே சின்னமனூர்ச் சந்தையில் புளியமரத்தில் மாடிப்படி வரைந்த திரையைக் கட்டிவிட்டு, நெஞ்சைத் தட்டிக்கொண்டு நின்றாய். "ஏலே, என்னையப் பாருங்கலே! சந்தைக்குச் சந்தை படம் புடிச்சுக்கிறேன். ஆயுசு கொறையிறதுன்னா இந்நேரம் நான் சாம்பலாகியிருக்கணும்ல? கல்லு மாதிரி நிக்கிறேன், தொட்டுப் பாருங்கலே!" உன் புஜத்தை வந்து அமுக்கிப் பார்த்துவிட்டே ஆட்கள் உட்கார்ந்தார்கள். அப்போதும் பயப்பட்டவர்களுக்கு நீயே துணைக்கு நின்றாய். அப்படித்தான் யார் யாரோ வீட்டுப் படங்களிலெல்லாம் ஓரத்தில் நீ நிற்கிறாய், உறவுக்காரன் மாதிரி. படம் பதிகிற கண்ணாடி பிளேட்டின் விலைக்குப் பயந்து உன்னைத் தனியாக ஒரு படம் நான் எடுத்ததே இல்லை.

பண்ணைப்புரத்துப் புதுப்பெண் நினைவிருக்கிறதா? புருஷன் ஆசைப்பட்டு இழுத்து வந்திருந்தான். அவளோ கண்ணீரும் மூக்குமாக நின்றாள். நீ அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அழாத தங்கச்சி. எமன் வந்தா இந்த அண்ணனைத் தாண்டித்தான் உங்கிட்ட வரணும். என்னையத் தாண்டுறது லேசா?" என்றாய். அழுதவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் காமிரா மூடியைத் திறந்து மூடினேன்.

தொழில் சூடு பிடித்த நேரத்தில் உனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. கொய்னா மாத்திரையை விழுங்கிவிட்டு, வெளிறிய முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு சந்தையில் நின்றாய். படுத்துத் தொலைடா என்றால் கேட்கமாட்டாய். உன்னைப் பெரியகுளத்து அக்கா வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நான் போயிட்டா செத்துட்டேன்னு சொல்லிராத. படம் புடிச்சே செத்தாம்பாக. ஒருத்தனும் உட்கார மாட்டான். மலையில ஏலக்காத் தோட்டத்துக்குக் கணக்குப்பிள்ளையாப் போயிட்டேன்னு சொல்லு. என்னையப் பொணமாப் படம் எடுத்துராத. அக்காகிட்டயும் மூச்சுவிடாத, அவ வாய் ஊர் வாய்." தூக்கித் தூக்கிப்போடும் காய்ச்சலிலும் உனக்கு என் அடுப்பு எரிய வேண்டும் என்ற கவலைதான். பாவி, உன்னை என்ன சொல்லித் திட்டுவது?

நீ போன அன்று அக்கா உன்னைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் முடியாது என்று நின்றேன். "ஊர்ப் பொணத்தையெல்லாம் புடிச்ச கை, எந்தம்பிக்கு மட்டும் மடங்கிப் போச்சாலே?" என்று மண்ணை வாரித் தூற்றினார். அந்த மண் என் தலையில் விழுந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

நீ சொன்னபடியே பிழைத்துக்கொண்டேன். கம்பத்தில் கேட்டார்கள், உத்தமபாளையத்தில் கேட்டார்கள், "உங்க கூட்டாளி எங்க?" என்று. மலையில் இருக்கிறாய் என்றேன். வாய்விட்டு அழ ஓர் இடம் எனக்கு இல்லை. இப்போது யாருக்கும் பயமில்லை, மாப்ளே. பட்டாளத்துக்குப் போனவன், பெண் பார்க்கப் படம் கொடுப்பவள் என்று வரிசையில் நிற்கிறார்கள். பொய் சொல்லி ஆக வேண்டிய அவசியமும் தீர்ந்துபோனது. உன்னைச் சுமந்து சுமந்து எனக்கு அலுத்துவிட்டது. கேட்கிற முதல் ஆளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போன வாரம் முடிவு கட்டினேன்.

கேட்டது யார் தெரியுமா? உன் தங்கச்சிதான், அன்று அழுது சிரித்த அந்தப் புதுப்பெண். மகளுக்கு வரன் பார்க்கப் படம் எடுக்க என்னைப் பண்ணைப்புரத்துக்கு வரச்சொல்லியிருந்தாள். ஆள் பாதியாக இளைத்துக் கட்டிலில் கிடந்தாள். தலைமாட்டுச் சுவரில் அந்தப் படம், ஓரத்தில் நீ.

"அண்ணன் நல்லாருக்காகளா?" என்றாள்.

"ஆத்தா, அது வந்து..." என்று இழுத்தேன்.

அவளே பேசிக்கொண்டு போனாள். "தை மாசமெல்லாம் பொழைக்க மாட்டேன்னுதான் சொன்னாக. நான் பயப்படல. எமன் அண்ணனைத் தாண்டித்தான வரணும்? அவுகதான் மலையில குத்துக்கல்லாட்டம் இருக்காகளே!" மகளைக் கூப்பிட்டு ஒரு பை மொச்சையை எடுத்துவரச் சொன்னாள். "அண்ணனுக்குக் குடுத்துருங்க. தங்கச்சி காட்டுல வெளஞ்சதுன்னு சொல்லுங்க."

"சொல்லிர்றேன் ஆத்தா" என்று வாங்கிக்கொண்டேன்.

உனக்கென்று கொடுத்ததை நான் எப்படித் தின்பது? தூர எறியவும் மனசு வரவில்லை. உரிமையோடு அதை வாங்கிக்கொள்ள உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். நேற்றுப் பெரியகுளம் போனேன். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையை அவர் முன்னால் வைத்து, நீ என்னிடம் வாங்கிய சத்தியத்திலிருந்து மொச்சை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். அன்றைக்கு அடக்கிய அழுகை அங்கேதான் வெடித்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மொச்சையை வேகவைத்து என் முன்னால் தட்டில் வைத்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மெதுவாகக் கேட்டார்:

"மலையில சொகமா இருக்கானா?"

"இருக்கான்க்கா" என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனவர், அதே பையில் இந்த ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வந்தார். "வெறும் பையவா திருப்பிக் குடுப்ப? மலையில இருக்கிறவன் தங்கச்சிக்கு ஏலக்காய்கூடவா குடுத்துவிடாம இருப்பான்?"

பஸ் உறுமுகிறது. இன்றைக்கே பண்ணைப்புரம் போய், அண்ணன் கொடுத்துவிட்டார் என்று சொல்லிக் கொடுக்கப்போகிறேன். இந்த ஒரு தடவை அது முழுப் பொய்யும் இல்லை. உன் வீட்டிலிருந்துதானே போகிறது. அலுப்பு எனக்குத் தீரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். அங்கனயே இரு, மாப்ளே. இறங்கி வந்துவிடாதே.